ஒட்டுக்கேட்ட சனிக்கிழமை

ஜூன் 3, சனி

ஒருவழியாக நாலு பேரும் மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்தோம். இனி மாதாமாதம் முதல் சனிக்கிழமை குடும்பத்தோடு பங்குச்சாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம். நான்தான் சொன்னேன், நான்தான் விடாமல் நடத்த வேண்டும். வீட்டுக்காரர், "வாரம் பூரா அடுத்தவன் லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணித் தொங்குறேன், சனிக்கிழமையாவது விடேன்" என்று முனகிக்கொண்டே சட்டையை மாட்டினார். சின்னவளுக்குக் குஷி. ஒன்பது வயதில் என்ன பாவம் இருக்கும்? வழியெல்லாம் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். பெரியவள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பதினேழு வயது. "உங்களுக்குத் தோணுற தேதியில எனக்குச் செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபம் வரணுமாம்மா?"

"செருப்பைப் போடு" என்றேன்.

ஜூன் 20, செவ்வாய்

பெரியவள் இந்த ஞாயிறும் சாமி கையால் நற்கருணை அப்பம், அதான் நன்மை, வாங்கவில்லை. பூசையில் எல்லோரும் எழுந்து போக, இவள் மட்டும் பெஞ்சில் குனிந்த தலையோடு. மனசில் பெரிய பாவம் இருந்தால்தான் வாங்கக் கூடாது. ஏன்? கேட்டால் "ஒண்ணுமில்ல." என்னத்தை மறைக்கிறாள்? யாரோடு பழகுகிறாள்? தலை வெடிக்கிறது.

ஜூலை 1, சனி

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

கோவிலில் கூட்டமில்லை. பெரியவள், சாமி உட்காரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் தடுப்பருகே முழந்தாளிட்டதும், மாதா சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவதுபோல் எழுந்து பக்கத்துத் தூண் வரை போனேன். நின்றேன். ஒரு வாக்கியம் காதில் விழுந்தது. விழுந்ததா? நான்தானே காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

பையன் விவகாரம் எதுவும் இல்லை. என்னைப் பற்றியது. இங்கே எழுத மாட்டேன்.

ஜூலை 3, திங்கள்

நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்க எனக்கு ஒரே குத்துதான் ஆகும். இன்று ஒரு பெரியவருக்கு இரண்டு கையிலும் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. "என்னம்மா, வீட்டுல சண்டையா?" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 14, வெள்ளி

கொட்டிவிட்டேன். ஒரு தட்டுக்காக. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கழுவச் சொன்னேன். "அப்புறம்" என்றாள். அவ்வளவுதான் —

"ஆமாண்டி, நான் ஒருத்தி செத்துத் தொலைஞ்சா உனக்கு நிம்மதிதானே!"

நின்ற இடத்திலேயே நின்றாள். முகம் வெளுத்துப்போனது. பிறகு, மெதுவாக, "கேட்டீங்களா? அங்க நின்னு கேட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"கோவத்துல ஒரு நாள் நெனச்சேன். அது தாங்க முடியாமத்தான் போய்ச் சொன்னேன். இனிமே அந்தக் கோவில் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அவர் சாப்பாட்டில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

எழுத மாட்டேன் என்றேன். எழுதியும்விட்டேன்.

ஜூலை 19, புதன்

பேச்சு இல்லை. நடுவில் சின்னவள் தூது. "அக்கா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க." "அம்மா, அக்காவுக்குப் பசிக்கலையாம்." "அக்கா, அம்மா நம்பல."

ஜூலை 22, சனி

அவர் கேட்டார்: "நீ புள்ளைங்களைக் கடவுள்கிட்டதான் கூட்டிட்டுப் போனியா? இல்ல, உனக்குத் தெரியாம அதுங்க மனசுல என்ன இருக்குன்னு பாக்கவா?"

தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

யாரையும் கூப்பிடவில்லை. தனியாகப் போனேன். முழந்தாளிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டுக்கேட்டதை, கேட்டதை எடுத்து அவள் முகத்திலேயே எறிந்ததை.

பங்குச்சாமி தடுப்பின் பக்கம் குனிந்தார். "இங்க கேட்டதை நான் உயிரே போனாலும் வெளிய சொல்லக்கூடாது. ஒட்டுக்கேட்டவங்களுக்கும் அதே கட்டுப்பாடுதான், தெரியும்ல?"

"தெரியும் சாமி."

மூன்று 'அருள் நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொல்லுவார் என்று பார்த்தேன். பாவத்துக்கான அபராதமாக அவர் கொடுத்தது வேறு. "போய் அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அதுல 'ஆனா'ன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது."

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். "நான் ஒட்டுக்கேட்டேன். அதை வச்சே உன்னைக் குத்தினேன். தப்பு. மன்னிச்சிடு."

ஆனா நான் உன் அம்மா. ஆனா பயந்துபோயிட்டேன். ஆனா நீ எப்படி அப்படி நெனக்கலாம்? — எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் குவியலில் கிடந்த என் துணியையும் எடுத்து மடித்தாள்.

செப்டம்பர் 2, சனி

மூன்று பேர் போனோம். பெரியவளிடம் "வர்றியா" என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமப்பா!

செப்டம்பர் 13, புதன்

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். பெரியவள் புத்தகப் பையோடு கோவிலின் பக்கவாசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தாள். எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வீடு திரும்ப இருட்டிவிட்டது. அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "ஏன் லேட்டுன்னு கேக்கலையா?"

"கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

நகரவில்லை. "சாமிக்குச் செம ஜலதோஷம்மா. நான் ஒரு பாவம் சொன்னா அவர் ஒரு தும்மல். அடுத்ததைச் சொன்னா அடுத்த தும்மல். பெரிய பாவம் வந்தப்ப எனக்கே பயமாயிடுச்சு, கூரை பறந்துடுமோன்னு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவளும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டுச் சின்னவள் ஓடி வந்தாள். "என்ன, என்ன? எனக்கும் சொல்லுங்க!"

"போடி" என்றாள் பெரியவள். "இது எனக்கும் அம்மாவுக்கும் உள்ளது."