எலுமிச்சைக்கு என்ன ஆச்சு, அத்தை?

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நலமா என்று கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவாய். அதனால் என்ன சாப்பிடுகிறாய், ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று விவரமாக எழுது. நீ வேலைக்கென்று அந்த ஊருக்குப் போனதிலிருந்து வீட்டில் நானும் கடிகாரமும்தான் பேசிக்கொள்கிறோம். பகலில் கண்ணாடிக் கடை வேலையில் நாலு பேரோடு பேசிவிடுகிறேன், குறையில்லை.

ஒரு கவலை. என் பிள்ளை கண்ணை மூடுவதற்கு முந்தின வருஷம் பால்கனித் தொட்டியில் எலுமிச்சை நட்டானே, அதன் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. பட்டினி கிடக்கிறதோ என்று உரத்தை அள்ளிப் போட்டேன். தண்ணீரும் ஊற்றுகிறேன். மண் ஈரமாகத்தான் இருக்கிறது, செடியோ துவள்கிறது. நீ செடிகளோடேயே வேலை பார்க்கிறவள். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
அத்தை

மார்ச் 14

அன்பு அத்தைக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இரண்டிலும் கொஞ்சம் அதிகமாகவே. இங்கே கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி வளர்க்கிறோம். மண்ணே கிடையாது. உரம் கரைத்த தண்ணீரில் வேர்கள் தொங்கும். அந்தத் தண்ணீரில் உப்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

பாசத்தில் கொட்டித் தீர்த்துவிட்டீர்கள், அத்தை! வேர் நுனியில் பூனைமுடி போல மெல்லிய இழைகள் இருக்கும். தண்ணீரையும் அதில் கரைந்த சத்தையும் உள்ளே இழுப்பவை அவைதான். உரம் மிஞ்சினால் மண்ணில் உப்பு ஏறிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே போகாது, வேரில் இருப்பதுகூட வெளியே வந்துவிடும். ஈரத்திலேயே நின்றுகொண்டு தாகத்தில் தவிக்கும். தண்ணீர் தேங்கினால் வேருக்கு மூச்சும் முட்டும்.

தொட்டி அடியில் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி, உப்பைக் கழுவி வடிய விடுங்கள். பிறகு மேல்மண் காயும்வரை தொடாதீர்கள். தொடாதீர்கள் என்றால் தொடாதீர்கள்!

உங்கள்
வாயாடி

ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

துளை அடைத்துத்தான் இருந்தது. கம்பியால் குத்திவிட்டேன். நீ சொன்னபடி கழுவியதும் செடி நிமிர்ந்துவிட்டது. ஆனால் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன, ஒன்றுகூட மிச்சமில்லை. நுனியில் மட்டும் பச்சை. ஏன் இப்படி? விளக்கமாக எழுது, சுருக்காதே.

அன்புடன்,
அத்தை

ஏப்ரல் 24

அன்புள்ள மருமகளுக்கு,

பதில் காணோம். வேலை அதிகமா? இல்லை, என் மேல் ஏதாவது கோபமா?

இப்போது நுனித் தளிர்கள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. அடி இலைகள் நல்ல கரும்பச்சை. இது என்ன வியாதி? ஒரு வரி எழுதினாலும் போதும்.

அத்தை

மே 1

அன்பு அத்தைக்கு,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செடி.

அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையிலிருந்து அதை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும் செடி. தளிர் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பை அப்படி இடம் மாற்ற அதனால் முடியாது. இரண்டையும் புத்தகத்தில் இருப்பதுபோல அச்சாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று விடாமல் உதிர்ந்த அடி இலைகள் மறுபடி எங்கிருந்து வந்தன?

செடி போய்விட்டது, இல்லையா? வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன், அழுதேன். ஆனால் நான் எழுதுவது எலுமிச்சைக்கு இல்லை, அத்தை. உங்களுக்கு.

இனி என் சங்கதி. இங்கே பம்ப் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். கேட்ட கையோடு, “உங்க அத்தைகிட்ட சொல்லிட்டு முடிவு பண்ணுங்க. அவங்க மனசு நொந்தா எனக்கும் நிம்மதி இருக்காது” என்றார். எனக்கும் பிடித்திருக்கிறது. உங்கள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தவள், அதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்றுதான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

உங்கள்
வாயாடி

மே 9

என் வாயாடிக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாயே! உன் முதல் பதில் வந்தபோதே வேரெல்லாம் கறுத்துக் கூழாகிவிட்டிருந்தது. கடைக்கு வரும் டீச்சரம்மாவிடம் செடி வளர்ப்புப் புத்தகம் இரவல் கேட்டேன். “உங்க வீட்ல ஒரு செடிகூட இல்லையே, இது எதுக்கு?” என்றார்கள். “மருமகளுக்கு லெட்டர் எழுதணும்” என்றேன். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தச் செடியும் போய்விட்டது என்றால் உனக்கு இந்த வீட்டில் வேறென்ன இருக்கிறது என்று பயந்துவிட்டேன்.

உன் சங்கதியைப் படித்ததும் வருத்தமாகத்தான் இருந்தது. மறைக்கமாட்டேன். அன்றைக்குக் கடைக்கே போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான், முகம் பார்க்காத ஒருவர் என் மனசைப் பற்றி யோசித்திருக்கிறாரே என்று தோன்றியது. அப்படிப்பட்டவரைக் காக்க வைக்காதே. சரி என்று சொல்லிவிடு. விடுமுறை கிடைத்ததும் இரண்டு பேரும் வாருங்கள்.

என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவர் தடுமாற வேண்டாம். அத்தை என்பது உன் பாத்தியதை, அதை யாருக்கும் தரமாட்டேன். அவர் அம்மா என்றே கூப்பிடட்டும். அப்படிக் கூப்பிட்டு இந்தக் கதவை யாரும் தட்டி ரொம்ப நாளாகிறது.

அன்புடன்,
அத்தை