மூடி வைத்த கிண்ணம்

என் வீட்டுக்காரருக்கு,

இன்று துறைமுகத்தில் சன்மா மீன் விழா. அதற்குள் கரைக்கு வந்துவிடுவேன் என்றீர்கள். நீங்கள் வரவில்லை; விழாவுக்கு மீன் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் வந்தது. உங்கள் படகில் ரேடியோ கெட்டிருக்கும் என்கிறார்கள் மீனவர் சங்கத்தில். கெட்டுத்தான் இருக்கும்.

விழாவில் எல்லோருக்கும் மீன் உருண்டை சூப் ஊற்றிய நட்சுயோ, "என்னக்கா, ரெண்டு கிண்ணமா? வயித்துல ஆள் இருக்கா?" என்று சிரித்தாள்.

"அவருக்குடி" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மீன் உருண்டைகளை அள்ளி அள்ளிப் போட்டாள்.

"மத்தவங்களுக்குப் போடற அளவு போடு, போதும்!" என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, உங்கள் கிண்ணத்தில் ஊற்றி, உங்கள் இடத்தில் மூடி வைத்தேன். மூடியின் உள்ளே நீர் துளிர்த்திருந்தால் கடலுக்குப் போனவர் நலம் என்று உங்கள் அம்மா சொல்வாரே, நான்கூடக் கேலி செய்வேனே, அதேதான். திறந்து பார்த்தேன். நிறையத் துளிகள்.

ஆனால் சூப் ஆறிவிட்டால் துளி நின்றுவிடுமே. அதனால் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்து ஊற்றி மூடுகிறேன். ஒவ்வொரு முறையும் துளிகள் இருக்கின்றன.

மீன் உருண்டையெல்லாம் கரைந்துவிட்டது. இது என்ன கஞ்சியா என்று வந்து திட்டுங்கள்.

அடுப்பை அணைக்காமல் இருக்கும்,
உங்கள் மனைவி