துப்பக்கூடாத வைன்

செவ்வாய், ஒக்டோபர் 21

காலையில் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை, வெயில் ஏற முதலே கரைந்துவிட்டது. நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு இல்-பிசார் தீவுக்கு, அண்ணையின் திராட்சைத் தோட்டத்துக்கு. கொடிகளுக்குக் குளிர்காலப் போர்வை போடும் வேலை தொடக்கம். வெள்ளைத் துணிச் சுருள், கம்பி வளையம், ஓரத்தில் பாரத்துக்கு மண்மூட்டை. அண்ணை ஒரு பக்கம், நான் மறுபக்கம். நடுவில் துளசி, அண்ணையின் ஒரே மகள். பிரான்ஸில் வைன் செய்யப் படித்துவிட்டு வந்தவள். கட்டளை மட்டும்.

திராட்சைத் தோட்டம் என்றால் ஆட்கள் இத்தாலியை நினைக்கிறார்கள். எங்களுடையது ஆஸ்பத்திரி வார்டு. வரிசையாகக் கட்டில், மேலே வெள்ளைத் துணி. யார் பிழைத்தது என்று சித்திரையில்தான் தெரியும்.

களைமருந்து இல்லை. களை தின்பதற்குச் செம்மறிகள். சொந்தபந்தங்கள் வந்தால் கொடியைப் பார்ப்பதில்லை, ஆட்டைத்தான் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த ஒருவர்: "நல்ல வளத்தி. எப்ப அடிப்பியள்?" இது புல் வெட்டுகிற ஆடு என்றேன். பரிதாபமாகப் பார்த்தார். ஆட்டை அல்ல, என்னை.

மத்தியானம் அண்ணி சோறும் பருப்பும் கொண்டுவந்தா. துளசி வைத்த கத்தரிக்காய்க் குழம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "உப்புக் காணாது." உப்புப் போதாது; அண்ணி எதைச் சுவைத்தாலும் இதுதான் தீர்ப்பு. என் கலியாண விருந்துக்கும் இதே தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

விசயத்தை எழுதிவைக்கிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று வரக்கூடாது. இந்தத் தோட்டக் காணி அண்ணியின் பெயரில். வாங்குகிற சொத்தை மனிசியின் பெயரில் எழுதுவது எங்கள் ஆட்களின் வழக்கம். எழுதிய பிறகு அது மனிசியினுடையது என்பதை மறந்துவிடுவதும் வழக்கம். அண்ணி மறக்கவில்லை. வீடு கட்டி விற்கிற ஒருவர் காணியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணிக்கு டொலார்டில், கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு வீடு வேண்டும். வசந்தத்தில் செய்த ஒப்பந்தம்: இந்த ஒக்டோபர் முடிய முன்னம் டவுன்டவுனில் ஒரு நல்ல உணவகமாவது துளசியின் வெள்ளை வைனை எடுத்தால் காணி மிஞ்சும். இல்லாவிட்டால் கையெழுத்து.

இதுவரை வந்து சுவைத்தவர்கள் எல்லோரும் "மிகவும் சுவாரசியம்" என்றார்கள். பிரெஞ்சில் அதற்கு "வேண்டாம்" என்று அர்த்தம்.

மிச்சம் ஒருவர். சனிக்கிழமை வருகிறார்.

புதன், ஒக்டோபர் 22

மழை. பல்லுவலி. கந்தசஷ்டி விரதம் தொடக்கம்.

அண்ணிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். சாமியறையில் தேவாரம், சுவருக்கு அந்தப் பக்கம் வைன் பீப்பாக்கள். இரண்டு தரப்பும் இத்தனை வருடம் சண்டையில்லாமல் இருப்பதற்கு, நடுவில் உள்ள சுவர் அண்ணை கட்டியது என்பதைத் தவிர எனக்குக் காரணம் தெரியவில்லை.

பின்னேரம் அண்ணி பித்தளைச் செம்பைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தா. சூரன்போர் அன்றைக்கு முருகனுக்குப் பால் கொண்டுபோகிற செம்பு. முகம் பார்க்கலாம். காயட்டும் என்று சமையலறைத் தட்டில் கவிழ்த்து வைத்தா.

"அண்ணி, சனிக்கிழமை அந்த ரெஸ்ரோரண்ட் ஆள் வாறார்" என்றேன்.

"வரட்டும். வீட்டுக்கு வாற ஆளுக்கு ஏதும் சுடாமல் விடுவனோ? கடலை வடை சுடுறன்."

"நீங்கள் விரதமெல்லோ?"

"விரதம் எனக்குத் தம்பி. வாறவருக்கில்லை."

வெள்ளி, ஒக்டோபர் 24

துணி பாதி வரிசைக்கு மேல் போட்டாயிற்று. காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்ற வேண்டும்.

அண்ணை நாளைக்குப் போடுகிற சேர்ட்டை அயன் பண்ணினார். டவுன்டவுன் சமையலறைகளில் பாதி ஆயுள் கோப்பை கழுவியவர். வைன் பற்றிய அவருடைய கல்வி, திரும்பி வந்த கிளாஸ்களின் அடியில் மிஞ்சியதிலிருந்து தொடங்கியது. "நல்ல வைன் எண்டால் அடியில ஒண்டும் மிஞ்சாது" என்பது அவர் கண்ட தத்துவம். இதைவிடக் கூடச் சொன்ன தடித்த புத்தகம் ஒன்றும் எங்கள் நூலகத்தில் இல்லை.

துளசி சாப்பிடவில்லை. கேட்டால், "சித்தப்பா, நாளைக்கு அவரும் 'சுவாரசியம்' எண்டால் நான் என்ன செய்யிறது?" தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

சனி, ஒக்டோபர் 25

இன்றைக்கு நடந்ததுக்குச் சிரிக்கிறதா பயப்படுகிறதா தெரியவில்லை.

பத்தரைக்கு வந்தார். லூக். மெல்லிய ஆள், கழுத்தில் சால்வை. உணவகத்தில் எந்த வைன் எந்தச் சாப்பாட்டோடு போகும் என்று முடிவு செய்கிறவர். கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். வாயில் வைத்துக் கொப்பளித்தார். "ஈரக் கல். பச்சை ஆப்பிள். தூரத்தில் கடல்."

நான் மொழிபெயர்த்தேன். அடுப்படியிலிருந்து அண்ணி: "கடலோ? தொட்டியை நான்தான் நல்லாக் கழுவிவிட்டனான்!"

லூக் குனிந்து துப்பினார். அது தொழில்முறை, ஒரு நாளில் பல வைன் சுவைக்கிறவர் விழுங்கினால் வேலை முடியாது. துப்புவதற்கு மேசையில் ஒரு பாத்திரம் வைக்க வேண்டும். துளசி வைத்திருந்தாள். அழகான, பளபளப்பான பாத்திரம். பீப்பாக்களின் நிறத்துக்குப் பொருந்தும் என்று சமையலறைத் தட்டிலிருந்து எடுத்தாளாம்.

நான் கண்டது பிந்தித்தான். அண்ணி வடைத் தட்டோடு வாசலில் நின்றா.

"துளசி. அது என்ன செம்பு?"

துளசி செம்பைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உந்த மனிசன் முருகன்ர செம்புக்குள்ளை துப்புறார்!"

அண்ணை: "அது அவையின்ர முறையப்பா. துப்பித்தான் பாப்பினம்."

"வீட்டுக்கு வந்து, குடுத்ததை வாயில வைச்சுத் துப்புறது ஒரு முறையோ? பிள்ளை வருசம் முழுக்கப் பனியிலயும் வெயிலிலயும் நிண்டு செய்தது. துப்புறதுக்கோ செய்தது?"

"மதாம் என்ன சொல்கிறார்?" என்று லூக்.

"உங்களை வரவேற்கிறார்" என்றேன். மொழிபெயர்ப்பில் சில இழப்புகள் தவிர்க்க முடியாதவை.

ஆனால் அண்ணிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அவ ஒரு காலம் முழுக்க garderie-யில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்தவ. அவவின் பிரெஞ்சு முழுக்க அங்கே படித்தது. நாலு வயதுக்கு மேற்பட்டவர்களோடு பேசுகிற பிரெஞ்சு அவவிடம் இல்லை. செம்பை மேசையிலிருந்து தூக்கினா. வடைத் தட்டை வைத்தா. ஒரு விரலை நீட்டினா.

"நோன். இங்கே துப்புகிறதில்லை. முதலில் இதைக் கடி. மெல்லு. பிறகு குடி. விழுங்கு. முடித்தபிறகுதான் எழும்பலாம்."

லூக் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை. இந்தக் குரலை அவருடைய முதுகெலும்பு மறக்கவில்லை. வடையைக் கடித்தார். மென்றார். செத்தல் மிளகாய் தட்டுப்பட்டிருக்க வேண்டும், கண் கலங்கியது. கிளாஸை எடுத்தார். குடித்தார். விழுங்கினார்.

வெளியே ஆடு கத்தியது.

அவர் கிளாஸைப் பார்த்தார். இன்னொரு வடை. இன்னொரு மிடறு. பிறகு துளசியிடம், மெதுவாக: "இதைத் தனியே சுவைத்தது என் பிழை. தனியே வெறும் புளிப்பு. எண்ணெயும் உறைப்பும் வந்ததும் எழும்பி நிற்கிறது. முன்பு வந்தவர்கள் எல்லோரும் வெறும் வாயோடா சுவைத்தார்கள்?"

வெறும் வாயோடுதான். அவர்கள் வந்த நாளெல்லாம் அண்ணி கோயிலில்.

துளசி, மலையில் நிற்கிற கொடி, குளிரில் பிந்திப் பழுக்கிற பழம், அதனால் வருகிற புளிப்பு என்று விளக்கத் தொடங்கினாள். லூக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். தட்டு வெறுமை. போத்தலும். காரோட்டுகிற நிலை இல்லை. அண்ணைதான் தன் காரில் டவுன்டவுன் கொண்டுபோய் விட்டார். லூக் ஒரு முடிவும் சொல்லாமல்தான் போனார். ஆனால் போக முன் அண்ணியைப் பார்த்துக் கேட்டது: "மதாம், நான் எழும்பலாமா?"

(மேலே "மலை" என்று எழுதியிருக்கிறேன். அது மேடு. பரவசத்தில் உயர்ந்துவிட்டது.)

ஞாயிறு, ஒக்டோபர் 26

லூக்கிடமிருந்து பதில் இல்லை. அண்ணி துளசியோடு கதைக்கவில்லை. துளசி பீப்பாக்களுக்கு நடுவில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

செம்பு? அண்ணி மும்முறை கழுவியிருக்கிறா. ஆனாலும் கோயிலுக்கு இனி அது போகாதாம். சாமியறைக்கும் வராதாம். வைன் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறா. ஏன் அங்கே என்று கேட்டேன்.

"கவிட்டு வைச்சால் ஒருத்தரும் துப்பேலாது."

காணியை விற்கப்போகிற ஒருவர் இனி வருகிற விருந்தாளிகள் துப்புவதைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும்? கேட்கவில்லை. நூலகத்தில் வேலை செய்கிறவனுக்கு எப்போது பேசாமல் இருப்பது என்று தெரியும்.

திங்கள், ஒக்டோபர் 27

சூரன்போர். கோயிலில் கால் வைக்க இடமில்லை. அண்ணி புது எவர்சில்வர் செம்பில் பால்.

சூரனின் தலை மாறுகிற நேரம் துளசியின் கைத்தொலைபேசி அதிர்ந்தது. பார்த்தாள். "ஐயோ!" என்று கத்தி, இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அழுதாள். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் உருகிப்போய், "இந்தக் காலத்திலயும் இப்பிடிப் பக்தியான பிள்ளை" என்றார். நான் மறுக்கவில்லை.

லூக் எழுதியது: இந்த வருட வெள்ளை முழுவதையும் எடுக்கிறோம். பட்டியலில் முதல் பக்கம். ஒரு கேள்வி: மதாம் எங்கள் சமையல்காரருக்கு வடை காட்டித்தருவாரா?

தொலைபேசியை வாங்கி அண்ணையிடம் காட்டினேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். அவர் கோப்பை கழுவிய இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அந்த உணவகம். "அடியில ஒண்டும் மிஞ்சாது பார்" என்றார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சூரனைப் பார்க்கப் போய்விட்டார்.

அண்ணியிடம் துளசியே சொன்னாள். அண்ணி: "ஓம், கேட்டது. பிறகு பாப்பம்." அவ்வளவுதான். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீடு கட்டுகிறவர் வியாழக்கிழமை வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வியாழன், ஒக்டோபர் 30

முதல் பனி, ஒரு சிட்டிகை. கடைசி வரிசைக்கும் போர்வை போட்டாயிற்று.

வீடு கட்டுகிறவர் வந்தார். தோல் சப்பாத்து, சேற்றில். அண்ணி இருத்தினா. வடை வைத்தா. வைன் வார்த்தா, விளிம்பு வரைக்கும். அவர் உதட்டை நனைத்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். தனக்கு வெள்ளை ஒத்துவராது, தண்ணீர் இருந்தால் போதும் என்றார்.

அண்ணி அந்த நிறைந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"நோன், மெர்சி." வேண்டாம், நன்றி என்று.

"தண்ணீரா, மதாம்?"

"காணி. இது எங்களுடையது. சப்பாத்தைத் துடைத்துவிட்டுப் போ."

போனார். துடைத்துவிட்டு.

துளசி தாயைக் கட்டிப்பிடிக்கப் போனாள். "விடு, கை எண்ணெய்" என்றா அண்ணி. பிறகு அலுமாரியிலிருந்து ஒரு சின்னக் கிளாஸ். இத்தனை வருடத்தில் முதல்தரம். ஒரு சொட்டு வார்த்தா, மூக்கைச் சுழித்தா, வாயில் விட்டா. கன்னம் உப்பியது. கண் இறுகியது. கவிழ்ந்திருந்த செம்பைப் பார்த்தா. எங்கள் மூன்று பேரையும் பார்த்தா.

விழுங்கினா.

"உப்புக் காணாது."