என் பெயரில் ஏறிய வேறொருவர் சர்க்கரை

அனுப்புநர்:
‘நூல்கண்டு’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தையற்காரர்,
மாடிப்படிக்குக் கீழுள்ள தையற்கடை,
பேருந்து நிலையத்துப் பின்தெரு.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
காணொளி மருத்துவப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பொருள்: என் உடம்பில் இல்லாத சர்க்கரையை என் பெயரிலிருந்து இறக்கி, உரியவர் பெயரில் ஏற்றித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. நான் சில வருடங்களாகச் சர்க்கரை நோயாளி. மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய தையல் அப்படியே நின்றுவிடும் என்பதால், தங்கள் வீடியோ கால் திட்டத்தில் சேர்ந்தேன். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால், தாங்கள் கொடுத்த கருவி அந்த அளவைத் தானாகவே என் கைப்பேசி வழியாக மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறது. மருத்துவர் அம்மா அதைப் பார்த்துவிட்டு வாராவாரம் வீடியோவில் வருகிறார். திட்டம் நல்ல திட்டம். மருத்துவர் அம்மா தங்கமானவர். என் புகார் அவர்மீது அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. கடையில் வெளிச்சம் விழும் ஒரே இடம் துணி வெட்டும் மேசை. ஒருமுறை மருத்துவர் அம்மா, “பாதத்துல புண்ணு இருக்கான்னு பாக்கணும், காட்டுங்க” என்றார். மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கிக் கைப்பேசியின் முன் நீட்டினேன். கோட்டு வாங்க வந்த ஆசிரியை ஒருவர் அதைப் பார்த்து, “நீங்க முடிங்க, நான் அப்புறம் வர்றேன்” என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். நான் கைப்பேசிக்குக் காலால் வணக்கம் வைப்பதாகத் தெருவில் இன்றைக்கும் பேச்சு. அதையும் நான் புகாராகச் சொல்லவில்லை.

3. புகார் இனிமேல்தான் வருகிறது. திடீரென்று ஒரு வாரம் மருத்துவர் அம்மாவின் முகம் மாறியது.

“ஐயா, காலையில முந்நூத்தி நாப்பது காட்டுது. கொஞ்ச நேரத்துல நூத்தி இருபதுன்னு வருது. நடுவுல என்ன செஞ்சீங்க?”

“குளிச்சேன்மா.”

“குளிச்சா அழுக்குதான்யா போகும். சர்க்கரை போகாது.”

அடுத்த வாரமும் அதே கதைதான். நான் வெறும் வாய், வெறும் வயிறு என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. அதற்கடுத்த வாரம் என்னை அபூர்வமான நோயாளி என்று மருத்துவ மாணவர்களுக்கு வீடியோவில் காட்டினார். சின்னச் சின்னக் கட்டங்களில் அத்தனை முகங்கள். எல்லோரும் என் நாக்கைப் பார்த்தார்கள். மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஏனென்றால், கடையில் தேநீருக்கு வைத்திருக்கும் சர்க்கரை டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர் என் மனைவி. முந்நூற்று நாற்பது என்று தெரிந்தால் என் சட்டைப்பையைத் தினமும் உதறிப் பார்ப்பார். அந்த வீடியோ கால் வரும் வேளைகளில், தைத்த துணிகளைக் கொடுத்துவர அவர் வெளியே போயிருந்தது என் நல்லகாலம் என்றே நினைத்திருந்தேன்.

4. கூட்டிய மாத்திரை வேலையைக் காட்டியது. ஒரு மாப்பிள்ளைக் கோட்டுக்கு இரண்டு கைகளையும் இடக்கையாகவே வெட்டினேன். பிறகு வேர்த்தது, கை நடுங்கியது, தையல் மிஷின் இரண்டாகத் தெரிந்தது, அப்படியே துணிக்குவியலில் சாய்ந்தேன். மனைவி டப்பாவையும் சாவியையும் எடுத்தார். ஆனால் பூட்டின் துளை அவர் கண்ணுக்கு அகப்படவில்லை. பேருந்து ஓட்டும் என் மைத்துனர் அப்போது கடையில் இருந்ததால் பிழைத்தேன். அவர் இஸ்திரிப்பெட்டியால் டப்பாவை உடைத்து, கைநிறையச் சர்க்கரையை என் வாயில் கொட்டினார். பாதி மூக்கில் போயிற்று. மீதி உயிரைக் காப்பாற்றியது.

5. உடனே என் விரலில் குத்திப் பார்த்துவிட்டு மருத்துவர் அம்மாவை வீடியோவில் அழைத்தோம். “காலையில முந்நூத்தி நாப்பது, இப்ப அம்பத்தஞ்சா? இது உடம்பாய்யா, ஊஞ்சலா?” என்று கேட்டவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த மிஷினை வேற யாராவது தொடுறாங்களா?” என்றார்.

மைத்துனர் உடனே, “நான் ஒரே ஒரு தடவை பாத்தேன் மேடம், ஓசிதானேன்னு” என்று விரலை நீட்டினார். அவருக்கு ஒன்றுமில்லை. பிறகு எல்லோரும் என் மனைவியைப் பார்த்தோம்.

“எனக்கென்ன கேடு? நான் கல்லு மாதிரி இருக்கேன்” என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அம்மா, ஒரே ஒரு விரல் குடுங்க” என்றார் மருத்துவர் அம்மா. கொடுத்தார். முந்நூற்று முப்பத்தெட்டு.

பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் ஊசியில் நூல் கோக்கவே கண் மங்குகிறது என்று, நான் குளிக்கப் போகும் நேரத்தில் அவர் தினமும் தனியாகக் குத்திப் பார்த்திருக்கிறார். நாளைக்குத் தானாகக் குறைந்துவிடும் என்று காத்திருக்கிறார். கருவி தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தெரியாது. “ஏன் சொல்லல?” என்று கேட்டேன். “ரெண்டு பேரும் நோயாளின்னா கடையை யாரு பாக்குறது?” என்றார். நான் திட்ட வாயெடுத்தேன். சர்க்கரை ஒட்டிய வாயால் திட்ட வரவில்லை. மைத்துனர் வெளியே போய் நின்று மூக்கைச் சிந்தினார்.

6. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு இருவரும் நேரில் வந்தோம். அவருக்கு மாத்திரை எழுதப்பட்டது. என் மாத்திரை பழைய அளவுக்கு வந்தது. ஆனால் அவரை வீடியோ திட்டத்தில் சேர்க்கத் தங்கள் சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்தால், “ஒரு நம்பருக்கு ஒரு பேஷண்ட்தான் சார்” என்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. முந்நூற்று நாற்பது என்னுடையது அல்ல என்று சொன்னால், “சிஸ்டத்துல உங்க பேர்லதானே சார் இருக்கு” என்கிறார்கள். சிஸ்டத்துக்கு விரல் கிடையாது. எங்கள் வீட்டில் மட்டும் இருபது விரல் இருக்கிறது. ஆகவே இன்றுவரை அவருடைய அளவுகளும் என் பெயரிலேயே ஏறுகின்றன. உணவு ஆலோசகர் என்னை அழைத்து, என் மனைவி என்ன சாப்பிட்டார் என்பதற்காக என்னைக் கண்டிக்கிறார்.

7. இப்போது உண்மையான விபரீதத்துக்கு வருகிறேன். என் மனைவி சொன்னபடி மாத்திரை சாப்பிட்டு, மாலையில் நடந்து, தன் அளவை நூற்று நாற்பதுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதைப் பார்த்த தங்கள் பிரிவு, ‘விடாமுயற்சியால் சர்க்கரையை வென்ற சிறந்த நோயாளி’ என்று பொன்னிற ஓரம் வைத்த சான்றிதழ் ஒன்றை அனுப்பியிருக்கிறது. என் பெயரில்! தபாலைப் பிரித்தவர் அவர். படித்தார், மடித்தார், என் முன்னால் வைத்தார். “நடந்தது என் காலு. பேரு உங்களுக்கா?” என்றார். அதன்பிறகு பேசவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை மைத்துனர் மூலமாகச் சொல்லியனுப்புகிறார். மைத்துனரோ மாலைவரை பேருந்தில் இருக்கிறார்.

ஆகவே அம்மையீர் அவர்கள் மனம் வைத்து,

அ) ஒரே கைப்பேசி எண்ணில் கணவன் மனைவி இருவரையும் தனித்தனி நோயாளிகளாகப் பதிவு செய்யவும்,

ஆ) என் பெயரில் ஏறியுள்ள அவருடைய அளவுகளைப் பிரித்து அவரிடம் சேர்க்கவும், மீண்டும் யாரும் தப்பான மாத்திரையால் துணிக்குவியலில் விழாமல் பார்த்துக்கொள்ளவும்,

இ) எல்லாவற்றுக்கும் முதலாக, அந்தச் சான்றிதழை ரத்து செய்து, ‘நூல்கண்டின் மனைவி’ என்று எழுதாமல், ‘காஜா எடுப்பதில் கைதேர்ந்த அம்மையார்’ என்று குறிப்பிட்டு, புதிதாக ஒன்று அனுப்பவும்

ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இ பிரிவில் உள்ள சொற்கள் அவரே மைத்துனர் மூலம் சொல்லியனுப்பியவை. ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

தாமதம் வேண்டாம் அம்மையீர். சர்க்கரை இல்லாத தேநீரைக் குடித்துப் பழகிவிட்டேன். அவர் பேசாத வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

இடம்: வெட்டு மேசை, தையற்கடை
நாள்: திங்கட்கிழமை, கடை திறக்குமுன்

இப்படிக்குப் பணிவுடன்,
(ஒப்பம்) நூல்கண்டு