இரண்டு பட்டியலிலும் இல்லாத வரதராசன்

மனுகாவ் கணக்கு ஒவ்வீசில் உன் மேசையை இன்று எனக்குத் தந்தார்கள். உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மேசையின் கீழ் இழுப்பறை லாச்சியை இழுத்ததும் தலையிடித் தைல வாசம். உள்ளே கோடு போடுகிற உன் மர அடிமட்டம். செத்தும் என்னிடம் வேலை வாங்க வந்திட்டியோ என்று வாய்விட்டே கேட்டேன், எடி.

அதைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே வைத்து, பள்ளிக்கூட இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி உரக்க வாசிப்பாய். முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, "எல்லாரும் வந்திட்டினம்" என்பாய். ஒவ்வீஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த அமெரிக்கக் கொம்பனி நினைவிருக்குமே. நாங்கள் இங்கிருந்து கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். நூற்று நாற்பத்தொரு தொழிலாளர், ஒரே ஓய்வூதியத் திட்டம். ஆட்கள் நூற்றுக்குக் குறைந்த சிறு திட்டமென்றால் பெரும்பாலும் வெளிக் கணக்காய்வு தேவையில்லை என்பது அந்த நாட்டு விதி. செலவு மிச்சம் என்று முதலாளி திட்டத்தை இரண்டாகப் பிரித்தார். காசையும் ஒழுங்காகத்தான் பிரித்தார்கள், சட்டப்படி ஒரு பிழையும் இல்லை.

குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசைப்படி முதற்பாதி எனக்கு, மற்றப் பாதி உனக்கு. கந்தையா வரதராசனில் வந்தது வினை. கந்தையா தகப்பன் பெயர், ஆள் வரதராசன், ஆகவே உன் பட்டியல் என்று நான் விட்டேன். வெளிநாட்டில் தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயர், ஆகவே என் பட்டியல் என்று நீ விட்டாய். வெள்ளைக்காரி ஒருத்தி செய்திருந்தால் பிழை வந்திராது. எங்கள் இருவருக்கும் தமிழ்ப் பெயர் தெரிந்ததுதான் கேடு.

கணக்காய்வாளர் வரமாட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீயோ வருட முடிவில் இரண்டு பட்டியலையும் தூக்கிக்கொண்டு வந்தாய். "இனி ஒருத்தரும் பாக்க வராயினம். அதுதானடி பயம்," என்றாய். வாசித்தாய். நூற்று நாற்பதுதான் வந்தது. திட்டத்தைப் பிரித்த நாளிலிருந்து ஏழு மாதமாக அந்த மனிசனின் சம்பளத்தில் பிடித்த காசு எந்தத் திட்டத்திலும் சேரவில்லை.

சத்தமில்லாமல் சேர்த்துவிடச் சொன்னார் மனேச்சர். நானும் அதையே கெஞ்சினேன். என் விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது, உனக்குத் தெரியும். நீ கேட்கவில்லை. அந்த ஏழு மாதக் காசு சும்மா கிடந்த நட்டத்தை ஆர் குடுக்கிறது என்று கேட்டாய். பிழையைச் சொல்லிக் கொம்பனிக்குக் கடிதம் எழுதி, கீழே உன் பெயரை மட்டும் வைத்தாய். அன்று பின்னேரம் கிளென்ஃபீல்டில் என் வீடு வரைக்கும் உன் காரில் யன்னலைப் பார்த்தபடியே வந்தேன். உன்மேல் அவ்வளவு கோபம். வரதராசனுக்கு நட்ட ஈட்டோடு காசு போய்ச் சேர்ந்தது. உனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு விசா வந்தது. பாதிப் பிழை என்னுடையது என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, உன் செத்தவீட்டில்கூட.

இன்று காலை மனேச்சரிடம் போய்ச் சொன்னேன். பழைய கதை, விடுங்கோ என்றார். பிறகு வேறொரு கொம்பனியைக் கையில் தந்தார். அதன் ஓய்வூதியத் திட்டத்தை மூன்றாகப் பிரிக்கிறார்களாம்.

அடிமட்டத்தை வைத்து உரக்க வாசித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். மூன்று பட்டியலையும் கூட்டினேன், ஒருவரும் குறையவில்லை. அடுத்து வருவது நீ சொல்லுகிற வசனம். நீ இல்லாமல் அதை எப்படியடி சொல்ல? அடிமட்டத்தை மேலே கொண்டுபோய், முதல் பெயரிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினேன்.