கரையாத பனைவெல்லம்

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா துணையால் இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் கோபமும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க ஜெபிக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா பார்த்துவிடுவாள், அதனால்தான் இந்த மெயில்.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது உன் அலமாரியிலிருந்த கறுப்புக் கல் தொலைந்துவிடக் கூடாதே என்று பனைவெல்ல டப்பாவில் போட்டு வைத்தேன், போட்டதை மறந்தும்விட்டேன். இன்று காலை எனக்கு இருமல் என்று அம்மா கண்ணாடி போடாமலே சுக்குக் காபி வைத்தாள். கொதிக்கிறது, கொதிக்கிறது, வெல்லம் கரையவே இல்லை. எல்லாவற்றிலும் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள், குடித்தும்விட்டோம். பாத்திரம் கழுவும்போதுதான் அது உன் கல் என்று தெரிந்தது. கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் பிறந்தவள் அல்லவா, கோலார் கல்லாயிருந்தால் தங்கம் பிரிக்கிற சைனட் விஷம் இருக்குமே, இன்னாங்க பண்றது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நீ ஜியாலஜி பரீட்சைக்கு உரக்கப் படித்ததையெல்லாம் ஞாபகப்படுத்தி நானே சோதனையில் இறங்கினேன். நகத்தால் கீறினேன், நகம்தான் தேய்ந்தது. கத்தி பட்டும் கீறல் விழவில்லை, ஃபிரிட்ஜ் காந்தம் ஒட்டவில்லை, வினிகர் விட்டால் நுரைக்கவில்லை. கடைசியில் மிச்சம் கிடந்த பாத்ரூம் டைல்ஸைத் திருப்பி, வழவழப்பில்லாத பின்பக்கத்தில் தேய்த்தேன் பார், கறுப்புக் கல் செங்கல் நிறத்தில் கோடு போட்டது! ஹேமடைட், வெறும் இரும்புத் தாது, நீ காலேஜில் சண்டூர் இரும்புச் சுரங்க டூர் போனபோது பொறுக்கியதாக இருக்கும். இருமல்கூடக் குறைந்திருக்கிறது.

ஆனால் அம்மாவிடம் ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிவிட்டேன். சுரங்க வேலை வேண்டாம் என்று அவள் அழுததையும் கேளாமல் நீ ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குக் கிளம்பிய நாள் முதல் உன்னோடு பேசாதவள், இன்னா கல்லுன்னு அவளுக்குத்தான் தெரியும், நானே கேக்கறேன் என்கிறாள். சாயங்காலப் பூசை முடிந்ததும் போன் பண்ணுவாளாம். எவ்வளவு கொதித்தாலும் கரையாத கல்லு, அப்படியே அவளை மாதிரி என்றும் சொன்னாள். கொதித்தது யார் என்று நான் கேட்கவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது கண்ணு, வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஆகவே போனை சைலன்ட்டில் போடாதே. விஷமில்லை என்று முதலில் சொல்லிவிடு, பாவம், பயந்திருக்கிறாள். பெயரை மட்டும் சொல்லாதே, சொன்னால் உடனே போனை வைத்துவிடுவாள். நிறம் என்ன, கனம் என்ன, காந்தம் ஒட்டுகிறதா என்று ஒவ்வொன்றாய்க் கேள், எல்லாச் சோதனையும் அவளே முதலிலிருந்து செய்யட்டும். டைல்ஸை நான் துடைத்து வைத்துவிட்டேன்.

மாதா உன்னைக் காப்பாளாக.

சுக்குக் காபிக்குத் தப்பிய உன் அப்பா,
தாஸ்