அண்ணி, உங்கள் கத்தரிப் பாத்தி

அன்புள்ள அண்ணி,

இன்று காலை பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த தம்பதி கோழி எரு மூட்டையைப் பிரித்தார்கள். எங்கள் வரிசை வீடுகளில் இடையே இருப்பது ஒரே சுவர். வாடை நேராக என் சமையலறைக்கு வந்தது. எதிர்வீட்டில் யாரோ சன்னலைச் சாத்தினார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

"சாரி ஆன்ட்டி, ரொம்ப வாடையா இருக்கா? மிளகாச் செடி வைக்கலாம்னு பாத்தோம்" என்றாள் அந்தப் பெண்.

"பரவால்ல லா. ஆனா அப்படியே கொட்டிடாதம்மா, செடி எரிஞ்சு போயிடும். கொஞ்ச நாள் ஆறப் போடு" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே வந்தவளுக்கு அதன்பிறகு கை எதிலும் ஓடவில்லை.

உங்கள் கருமக்கிரியை முடிந்து ரவாங் திரும்பியதிலிருந்தே இப்படித்தான். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இதைக்கூட நாலு வரி எழுதுவதும், வாசல்வரை நடந்துவிட்டு வருவதுமாகத்தான் எழுதுகிறேன்.

நீங்களும் அப்படி நடந்தவர்தான். எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூர் பக்கத்து எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டுக்குள், முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக. அண்ணன் உங்களைக் கிள்ளானிலிருந்து கட்டிக்கொண்டு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஜொகூரில் லோரி ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர், முதல் மாதம் ஒரு கூட்டாளியிடம் "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பினார். அதோடு சரி. அடுத்த மாதமும் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. வாசலில் எந்த லோரிச் சத்தம் கேட்டாலும் நீங்கள் எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். எண்ணெய்ப் பனைக் குலை ஏற்றும் லோரியாக இருக்கும். திரும்பி வந்து மறுபடி நடப்பீர்கள்.

"அந்தப் புள்ளய ஒரு இடத்துல உக்காரச் சொல்லுடி. பாக்குற எனக்குத் தலய சுத்துது" என்பார் அம்மா என்னிடம், உங்கள் காதில் விழும்படியாகவே. அம்மாவும் நானும் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தோம். அம்மா புல் சாக மருந்து அடிப்பார், நான் உதிர்ந்த பனம்பழம் பொறுக்குவேன். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போனால், நாங்கள் திரும்பும்வரை அந்த வீட்டில் நீங்களும் உங்கள் நடையும் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரணம் எதுவும் சொல்லாமல், அம்மாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்தின் பின்புறம் போனீர்கள். அங்கே லோங்கானுக்குப் பக்கத்தில், எங்கள் அழுக்குத் தண்ணீர் ஓடும் அந்தக் கால்வாயை ஒட்டி, லாலான் புல் மண்டிக்கிடந்த ஒரு துண்டு நிலம். நீங்கள் கிள்ளானில் தையல் கடை மாடியில் பிறந்து வளர்ந்தவர். உங்கள் வீட்டில் மண் என்று இருந்தது துளசித் தொட்டியில் மட்டும்தான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மண்வெட்டியைத் துடைப்பம் பிடிப்பதுபோல் பிடித்தீர்கள். முதல் வெட்டு மண்ணில் விழாமல் கல்லில் பட்டுத் தெறித்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"காய்கறி போடப் போறேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்குத் தெரியுமா பாப்பா?"

எனக்கும் தெரியாது. தோட்டத்தில் பிறந்தவள் என்று பெயர்தான். பனம்பழம் பொறுக்கத் தெரியும். ஒரு வெண்டைக்காய் எப்படி முளைக்கிறது என்று நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் உங்கள் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். ஆனால் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் குழம்பை உங்கள் பக்கம் தள்ளி வைத்தார்.

கோலசிலாங்கூர் கடையில் விதைப் பொட்டலங்கள் வாங்கினோம். மேலே போட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான் வாங்கினோம். கத்தரி, வெண்டை, பயத்தங்காய், கீரை. வெறும் பொட்டலத்தைக் குச்சியில் குத்தி ஒவ்வொரு வரிசைக்கும் நட்டுவைத்தீர்கள், எது எங்கே என்று மறந்துபோகும் என்பதற்காக. பாத்தியை மேடாக்க வேண்டும் என்று தெரியாமல் குழியாக வெட்டினோம். கீரை விதையை விரல் ஆழத்துக்குப் புதைத்தோம். அதன்மேல் கோழி எருவைப் பச்சையாகவே அள்ளிக் கொட்டினோம்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் குந்தி உட்கார்ந்து விதையைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்கு அடுத்த நாளும்.

"தோண்டிக்கிட்டே இருந்தா எப்படி அண்ணி மொளைக்கும்?"

"உசுரோட இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கும் அண்ணி."

"இருந்தா ஒரு தகவல் சொல்லலாம்ல?" என்றீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான், நீங்கள் விதையைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது. அண்ணன்மேல் வந்த கோபத்தில் அன்று முழுக்கப் பழம் பொறுக்கினேன். வழக்கத்தைவிட அதிகமாகவே பொறுக்கியிருப்பேன்.

முளைத்தவையெல்லாம் எரு சூட்டில் கருகின. லயத்துக் கடைசி வீட்டுச் செல்லம்மா அக்கா வேலியோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செடிக்கு எருவு போட்டியா, தீ வச்சியா? டவுன் பொண்ணுக்கு எதுக்குமா இந்த வேல?" சிரித்து முடித்து, மேட்டுப் பாத்தி போடு, எருவை ஆறவிடு என்றும் அவர்தான் சொன்னார். நீங்கள் கோபப்படவில்லை. மறுபடி வெட்டினீர்கள்.

இரண்டாவது முறை வெண்டை வந்தது. முழங்கால் உயரம், பிறகு இடுப்புயரம். பயத்தங்கொடி குச்சியைத் தேடிப் பிடித்துச் சுற்றியது. நாங்கள் வேலை முடிந்து வந்தால் நீங்கள் வாசலில் இருக்கமாட்டீர்கள், பின்னால் இருப்பீர்கள். லோரிச் சத்தம் கேட்டால் தலை மட்டும் திரும்பும், கால் எழாது. அதை நான் கவனித்தேன். அம்மாவும் கவனித்திருப்பார்.

அப்போதுதான் அந்த மழை. கடலில் நீர் ஏறியிருந்த நேரம் பார்த்து மழையும் சேர்ந்துகொள்ள, ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக ஏறி லோங்கான் பொங்கியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் செடிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. இரண்டு நாளில் இலைகள் ஓரத்திலிருந்து பழுத்துச் சுருண்டன. நீங்கள் ஒரு விரலால் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தீர்கள்.

"உப்பு" என்றீர்கள். அப்படியே சேற்றில் உட்கார்ந்தீர்கள். அண்ணன் போனதிலிருந்து ஓயாமல் இருந்த உங்களை அப்படி அசையாமல் பார்த்தபோது எனக்குப் பயமாகிவிட்டது. சாயங்காலம் பையில் துணி அடுக்கினீர்கள். "அத்தை, நான் நாளைக்கு கிள்ளானுக்குப் போறேன். அம்மா வீட்டுல இருக்கேன். அவரு வந்தா சொல்லுங்க."

மறுநாள் விடியும் முன்பே அம்மாவைக் காணோம். எனக்கு முன்பே பெரட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். பின்னால் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், காட்டு மேட்டிலிருந்து கோணியில் மண் சுமந்து வந்து பாத்தியின்மேல் கொட்டிக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு, நல்ல சேலை கட்டியிருந்தார். நீங்கள் ஓடிப்போய்க் கோணியைப் பிடித்தீர்கள்.

"விடுங்க அத்தை, ஏன் நீங்க..."

"வேலத் துணியோட இங்க வந்தா மருந்து வாட பட்டுச் செடி செத்துருமோன்னு இத்தன நாளா கிட்ட வரல" என்றார் அம்மா. "இருவது வருஷமா நான் புல்லக் கொன்னவ. எனக்கு ஒண்ண வளக்கத் தெரியாது. எம்மவனக்கூட ஒழுங்கா வளக்கல பாரு. நீ போறதுன்னா போ புள்ள. ஆனா எவ்வளவு ஒசரம் போடணும்னு சொல்லிட்டுப் போ."

நீங்கள் அழுதீர்கள். அழுதுகொண்டே முட்டிக்குக் கீழே கையைக் காட்டி, "இவ்வளவு" என்றீர்கள். கிள்ளான் பஸ் அன்று உங்களை விட்டுவிட்டே போனது. அம்மாவுக்கும் எனக்கும் அன்றைய பெயர் விழவில்லை, கூலியும் இல்லை. மூன்று பேரும் மண் சுமந்தோம். ஒன்றும் தெரியாத மூன்று பெண்கள், அதுவா இதுவா என்று சண்டை போட்டுக்கொண்டே செல்லம்மா அக்கா கொடுத்த கத்தரி நாற்றை நட்டோம்.

கத்தரி ஊதாவாகப் பூத்து, முதல் பிஞ்சு குன்றிமணி அளவில் தலைகாட்டிய சமயம் அண்ணன் வந்தார். பளபளப்பான சட்டை, கையில் சேலைப் பொட்டலம். ஏதோ நேற்றுப் போனவர் மாதிரி சிரித்தார்.

"கெளம்பு, கெளம்பு. ஜொகூர்ல வீடு பாத்துட்டேன். கூட்டாளியோட லோரி ரோட்டுல நிக்குது."

நீங்கள் பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். நிதானமாகத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். "கத்தரி பூத்திருக்கு. காய் பறிக்காம நான் வரல."

அண்ணனுக்கு முதலில் விளையாட்டாகப் பட்டது. பிறகு முகம் மாறியது. "செடிக்காகவா நிக்கிற? புருஷன் வந்து நிக்கிறேன்."

"நான் இத்தன மாசம் இருந்தேன்ல. இப்ப நீங்க கொஞ்சம் இருங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை நீங்கள். ஆனால் அந்தக் குரலில் ஒரு அங்குலம்கூட நகர இடமில்லை. அண்ணன் அம்மாவைப் பார்த்தார். "அவ சொல்றது சரிதாண்டா" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணன் சேலைப் பொட்டலத்தைப் பாயில் எறிந்துவிட்டு அதே லோரியில் ஏறினார். நீங்கள் வாசல்வரைகூடப் போகவில்லை. ஆனால் அன்று முழுவதும் களை இல்லாத பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தீர்கள். வாசலை எட்டி எட்டிப் பார்த்தது நான்தான். அண்ணன் மறுபடி வராமலே போய்விட்டால்?

காய் பறித்தோம். கத்தரிக்காய்க் குழம்பில் நீங்கள் உப்பை அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். ஆனாலும் சட்டியை வழித்துக் காலி செய்தோம். செல்லம்மா அக்கா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. இரண்டாம் பறிப்பு சமயத்தில் அண்ணன் திரும்பி வந்தார். இந்தத் தடவை பரிசு எதுவும் இல்லை, துணிப்பை மட்டும்தான். பாசிர் பெனம்பாங்கில் மீன் ஏற்றும் லோரிக்கு ஆள் கேட்கிறார்களாம், பேசிவிட்டு வந்திருக்கிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். நீங்கள் தட்டை வைத்தீர்கள்.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அதன்பிறகும் அடிக்கடி கிளம்பிப் போகிறவராகத்தான் இருந்தார். ஆனால் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்கு மகள் பிறந்தாள். எனக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. தோட்டம் கைமாறியது. நீங்கள் டவுனுக்குக் குடிபோனீர்கள், அங்கேயும் வீட்டுப் பின்னால் மண்ணைக் கிளறினீர்கள்.

உங்கள் அந்தக் குரலை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன் அண்ணி. நிச்சயம் ஆன கையோடு வேலையை விடச் சொன்ன மாப்பிள்ளை வீட்டாரிடம் அதில்தான் பேசினேன். அம்மாவின் படுக்கையைச் சீக்கிரம் காலி செய்யச் சொன்ன ஆஸ்பத்திரியிலும் அதில்தான் பேசினேன்.

உங்களைக் கடைசியாகக் கிடத்தியிருந்த அன்று மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. உங்கள் மகள் இன்னும் வழியில் இருந்தாள், சாலையில் நெரிசல். ஆண்கள் அவசரப்பட்டார்கள். "மழை வருது, தூக்கிடலாம், அவ நேரா அங்க வந்துருவா" என்றார் ஒருவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் குனிந்துவிட்டார்கள். நான் எழுந்து வாசலில் போய் நின்றேன்.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அண்ணன் திடுக்கிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதல் துளி வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் அவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.